நாற்பத்தொன்பதாவது மூடி

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். நன்றாக என்று எழுதும்போது என் வலது முழங்காலைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அது தனியாக ஒரு கடிதம் எழுதும் அளவுக்குப் புகார் வைத்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாக எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் அம்மா என்னை மூன்று முறை படிக்கச் சொன்னாள். அப்புறம், நீ கேட்ட கேள்வி. "இந்த வயசுல எதுக்குப்பா அந்த நெருப்பு வேலை, விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்க" என்று போனில் கேட்டாய், கடிதத்திலும் கேட்டாய். இரண்டு கடிதமாக நான் அதைத் தொடாமல் மழையைப் பற்றி எழுதித் தப்பித்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது. ஆனால் நேராகப் பதிலுக்கு வர எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும், போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் வரமுடியும். சின்ன வயதில் கதைப் புத்தகம் படித்த மாதிரி கடைசிப் பக்கத்துக்கு முதலில் ஓடாதே.

நான் வேலை பார்க்கும் இடத்தை நீ ஏதோ பெரிய கோட்டை மாதிரி நினைத்துப் பயப்படுகிறாய் என்று தோன்றுகிறது. அது ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலை. சுவரில் இன்னும் ஈரம் இறங்கியிருக்கிறது, மேலே தகரம், நடுவில் நீண்ட மேஜை. மொத்தம் பதினாலு பேர், என்னைத் தவிர எல்லோரும் உன் வயது அல்லது உனக்கும் கீழே. முதலாளியம்மாவுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. முதலாளியம்மா என்று கூப்பிட்டால் "சார், எனக்கு நரைச்ச மாதிரி இருக்கு, அப்படிக் கூப்பிடாதீங்க" என்பாள், ஆனாலும் என் வாயில் அதுதான் வருகிறது. பெரிய நிறுவனங்கள் வானளாவ ஒரே ராக்கெட்டாகக் கட்டுகின்றன. இவர்கள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு குழாய் செய்கிறார்கள், அடியில் ஒரு சின்ன என்ஜின். அதே குழாயை அச்சு மாறாமல் திரும்பத் திரும்பச் செய்வது, வேண்டிய சுமைக்குத் தக்கபடி சேர்த்துக் கட்டுவது, அவ்வளவுதான். அம்மாவுக்குப் புரியவைக்க ஏழு பென்சிலை எடுத்து ரப்பர் போட்டுக் காட்டினேன். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, இடுக்கே இல்லாமல் உட்காரும். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்காடா பதினாலு பேரு" என்றாள். கோபமோ கிண்டலோ வந்தால் அவளுக்கு நான் 'டா' ஆகிவிடுவேன், உனக்குத் தெரிந்ததுதான்.

அதில் என் வேலை மூடிகள். பம்பு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் சரிபார்ப்புப் பிரிவில் இருந்த மனிதன் என்று யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஏழு வாய் உண்டு, எரிபொருள் போக, ஆக்சிஜன் போக, அளவுக் கருவி மாட்ட என்று. வேலை நடக்காத நேரத்தில் தூசியும் பூச்சியும் போகாமல் எல்லா வாயிலும் சிவப்பு ரப்பர் மூடி. எரித்துப் பார்க்கும் நாளில் குழாய்களைப் பொருத்தும் பிட்டர்கள் இரண்டு பேர் மூடிகளைக் கழற்றிக் கூடையில் தருவார்கள், நான் ஒரு பலகையில் ஆணிக்கு ஒன்றாக மாட்டுவேன். ஏழேழு நாற்பத்தொன்பது ஆணி. பலகை நிரம்பினால் எல்லா மூடியும் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், நான் தாளில் கையெழுத்துப் போடலாம். ஒரு மூடி உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று உனக்கு எழுதமாட்டேன், நீ தூங்கமாட்டாய். பலகை என் யோசனை. நம் வீட்டில் சாவிக்கு ஆணி, குடைக்கு ஆணி, கரண்டிக்கு ஆணி என்று நான் அடித்து வைத்திருப்பதைப் பார்த்து நீயும் அம்மாவும் சேர்ந்து சிரித்தீர்களே, அந்தப் பழக்கம்தான். அங்கே எனக்குப் பெயரே மூடி சார்.

செவ்வாய்க்கிழமைதான் முதல்முறையாக ஏழு குழாயையும் சேர்த்துக் கட்டி எரித்துப் பார்ப்பதாக இருந்தது. இதுவரை ஒற்றைக் குழாய்தான் எரித்திருக்கிறோம். வேனில் அரைமணி நேரம் போனால் ஒரு பழைய கல்குவாரி, அங்கே பூமியோடு சேர்த்து இறுக்கிவிட்டு எரிப்பது. பார்க்க மூன்று பேர் வந்திருந்தார்கள். காட்டுத்தீயை மேலிருந்து கண்டுபிடிக்கத் தலையணை அளவில் ஒரு செயற்கைக்கோள் செய்திருக்கிறார்களாம், யார் ராக்கெட்டில் ஏற்றுவது என்று முடிவெடுக்க வந்தவர்கள். அன்று சாயங்காலமே ஊர் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஆக, எங்களுக்கு அந்த ஒரு நாள்தான். முதலாளியம்மா காலையிலிருந்து ஒரே டீயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள், குடிக்கவே இல்லை. கூடை வந்தது, நான் மாட்டினேன். நாற்பத்தெட்டு. கடைசி ஆணி மொட்டையாக நின்றது. கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். முதலில் எனக்கு வந்த எண்ணம், வழக்கம்போல, தப்பு என்னுடையதாக இருக்கும், ஒருவேளை ஆணி ஒன்று கூடுதலாக அடித்துவிட்டேனோ என்பது. ஆணிகளை எண்ணினேன், நாற்பத்தொன்பதுதான். முதலாளியம்மா வந்து, "என்ன சார், கையெழுத்துப் போட்டுடலாமா?" என்றாள். பாப்பா, உன் அப்பா எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். பம்பு தொழிற்சாலையில் சந்தேகம் வந்தால் தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக 'ஐயம்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுவேன், அந்தப் பென்சில் எழுத்தை எவனும் படித்ததில்லை. அன்றும் பென்சில் வரைக்கும் கை போனது. அப்புறம் எப்படியோ பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கிவிட்டேன். "ஒண்ணு குறையுது" என்றேன். குரல் வரவில்லை என்று பயந்து இன்னொரு தடவை சொன்னேன், அது குவாரி முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று எழுதுவது. எல்லா மூடியும் ஒன்றுபோல, எல்லா வாயும் ஒன்றுபோல. அப்படி இருப்பதுதான் எங்கள் ராக்கெட்டின் சாமர்த்தியம், அன்றைக்கு அதுவே தலைவலி. எந்தக் குழாயின் எந்த மூடி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே நாற்பத்தொன்பது வாயையும் விளக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அப்படியும் தெரியாவிட்டால் இணைப்புகளைக் கழற்ற வேண்டும். கழற்றினார்கள். வெல்டர் ஒருவன் இருக்கிறான், நல்ல பையன், வாய் மட்டும் சும்மா இருக்காது. "மூடி சார், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாருங்க, சோத்தோட முழுங்கியிருக்கப் போறீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் மணி ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருந்தது. விருந்தாளிகளுக்கு மூன்று சுற்று டீ ஆகிவிட்டது. மூன்றே முக்காலுக்குக் காவல்காரர் ஓடிவந்தார். போன்களை எல்லாம் அவருடைய குடிசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். "மூடி சார், வீட்டுலேர்ந்து நாலு தடவை அடிச்சுட்டாங்க" என்றார். ஓடிப்போய் எடுத்தால் உன் அம்மா, "ஏங்க, நேத்து உங்க சட்டைப் பையில ஒரு சிவப்பு மூடி இருந்துதே, நம்ம எண்ணெய் பாட்டிலுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துடுச்சு, வரும்போது இன்னும் ரெண்டு எடுத்துட்டு வாங்க" என்கிறாள்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் குவாரியில் ஒரு மூடியின் விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் பார்த்தேன். மாற்றவேண்டும் என்று கழற்றிப் பையில் போட்டேன், அதுவரைக்கும் அந்த வாய்க்கு டேப் ஒட்டினேன், மழை பிடித்துக்கொண்டது, எல்லோரும் வேனுக்கு ஓடினோம். அத்தோடு மறந்துபோனேன். நான், பாப்பா. ஆணி அடித்து எண்ணுகிறவன். காவல்காரர் குடிசையிலிருந்து முதலாளியம்மா நின்ற இடத்துக்கு அறுபத்திரண்டு அடி, எண்ணிக்கொண்டுதான் நடந்தேன். வழியில் வேன் நின்றது, அதற்குள் புது மூடிகள் ஒரு பை நிறைய இருந்தன, கதவும் திறந்திருந்தது. ஒன்றை எடுத்து மண்ணில் புரட்டி, "இதோ கிடைச்சுடுச்சு" என்று சொல்லியிருந்தால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. அந்தக் கதவுப் பக்கத்தில் நான் நின்றேன் என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன். கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்புறம் போய்ச் சொல்லிவிட்டேன். விருந்தாளிகள் மூன்று பேரும் பக்கத்திலேயே நின்றார்கள், அவர்கள் நகரட்டும் என்று காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். முதலாளியம்மா சாமான் பெட்டிமேல் உட்கார்ந்தாள். பிட்டர்களில் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், ஒண்ணுல டேப் இருந்துச்சு, நான்தான் உரிச்சுப் போட்டேன், சொல்லணும்னு தோணவே இல்ல" என்றான். அதற்குப் பிறகு முதலாளியம்மா தலையைத் தூக்கி, "பாட்டிலுக்குச் சரியா இருக்காமா சார்?" என்று கேட்டாள். "ரொம்பக் கச்சிதமாம்" என்றேன். வெல்டர்தான் முதலில் வெடித்தான், அப்புறம் குவாரியே சிரித்தது. விருந்தாளிகளில் ஒல்லியாக ஒரு அம்மாள், காலையிலிருந்து வாயே திறக்காதவர், அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் பலகைக்கு எதிரே போய் நின்று, ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு நாற்பத்தெட்டையும் எண்ணினார், மொட்டை ஆணியையும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு வெச்சுக்கலாம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். டிக்கெட்டை மாற்றிக்கொண்டார்கள்.

கழற்றிய குழாய்க்குள் எல்லாம் என்ன இருந்தது என்று நீ கேட்பாய். ஒன்றுமே இல்லை. ஒரு திருகாணியாவது அகப்பட்டிருந்தால் நான் நிறுத்தியதற்கு ஒரு நியாயம் கிடைத்தது என்று மார்தட்டியிருக்கலாம், துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. மறுநாள் பத்து மணிக்கு ஏழும் சேர்ந்து பதினோரு விநாடி எரிந்தன. நாங்கள் இருந்த மண் சுவருக்குப் பின்னால் டீ தம்ளர்கள் தாமாக நகர்ந்தன. முடிந்ததும் முதலாளியம்மா முந்தின நாள் டீ கணக்கெல்லாம் சேர்த்து ஒரே மடக்கில் குடித்தாள். ஒல்லி அம்மாள் போகும்போது என்னிடம் வந்து, "மூடிக்கெல்லாம் நம்பர் போடுங்க" என்றார். போட்டுவிட்டேன். எண்ணெய் பாட்டில் மூடி அங்கேயே இருக்கிறது, எண்ணெய் பட்ட எதுவும் ஆக்சிஜன் போகிற பக்கமே வரக்கூடாது, பற்றிக்கொள்ளும். அதனால் அம்மாவுக்கு நிரந்தரமாகக் கிடைத்துவிட்டது. "நம்ம வீட்டு பாட்டிலுக்கு ராக்கெட் மூடி" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

வியாழக்கிழமை நான் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொண்டுபோனேன், இரண்டு நகல்களோடு. நீ கேட்டதற்கும் அது தோதாக இருக்கும் என்று நினைத்தேன், மறைப்பானேன். முதலாளியம்மா வாங்கி முழுக்கப் படித்தாள், ஒரு ஒற்றுப்பிழையைக்கூட எனக்குக் காட்டினாள், பிறகு தாளைத் திருப்பிப்போட்டு அதன் பின்பக்கத்தில் எழுதினாள்: 'குவாரிக்குள் யார் சட்டையிலும் பை இருக்கக்கூடாது.' அதைச் சுவரில் ஒட்டிவிட்டாள். முன்பக்கத்தில் என் ராஜினாமா, பின்பக்கத்தில் சட்டம். "இனி இதைக் கிழிச்சாத்தான் சார் நீங்க போகமுடியும்" என்றாள். நேற்று அம்மா ஊசி நூலோடு வந்து, மேஜை முனையில் உட்கார்ந்து, பதினாலு பேர் சட்டைப் பையையும் தைத்து மூடினாள். வெல்டரிடம், "உன் வாய்க்கும் ஒரு தையல் போடட்டுமாடா?" என்று கேட்டாளாம். இப்போது எல்லோருக்கும் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, காதில் சொருகிக்கொண்டு அலைகிறார்கள்.

இப்போது பதிலுக்கு வருகிறேன். உனக்கு நான் இதுவரை எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. நீ வெளிநாடு போகிறேன் என்றபோதுகூட மனசுக்குள் பென்சிலால் 'ஐயம்' என்று எழுதிவிட்டுச் சரி என்றேன், அதில் தப்பில்லை, நீ நன்றாக இருக்கிறாய். ஆனால் இந்தத் தடவை உரக்கவே சொல்கிறேன்: அங்கேயே வந்து தங்க மாட்டோம். அம்மாவையும் கேட்டேன், "எனக்கு இப்ப தையல் வேலை இருக்கு" என்கிறாள். அந்தத் தலையணைச் செயற்கைக்கோளை எங்களிடமே ஒப்படைத்துவிட்டார்கள், எட்டு மாதத்தில் அது மேலே போகும், அந்தப் பலகைக்கு முன்னால் நான் நிற்கவேண்டும். அது போனதும் இரண்டு மாதம் உன்னோடு வந்து இருப்போம். கோபித்துக்கொள்ளாதே. எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், அடித்துவிட்டு மாற்றி எழுதவில்லை.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், குளிர் ஆகாது உனக்கு. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். குட்டிக்குப் புதுப் பல் முளைத்ததும் எத்தனை நாளாயிற்று என்று குறித்து எழுது. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக நீடூழி இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

ஒரே ஒரு ஞாபகம். நம் வீட்டுச் சாவிப் பலகையில் ஐந்து ஆணி, நான்கு சாவி. போன தடவை நீ கிளம்பிப் போன அன்று சாயங்காலமே எண்ணிப் பார்த்துவிட்டேன். பின்கதவுச் சாவி உன் நீலக் கோட்டுப் பையில் இருக்கும், பார். இரண்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மா அது எலிப்பொந்தில் விழுந்தது என்று முடிவுகட்டிவிட்டாள். தபாலில் அனுப்பிவிடாதே. அந்தப் பையைத் தைத்து மூடிவிட்டு, வரும்போது நீயே கொண்டுவந்து மாட்டு.

எப்போதும் உன் நினைவாக,
அப்பா
(இங்கே, மூடி சார்)