பிரவுன் வேண்டாம் என்றவளுக்கு

நம் கீபோர்டில் உன்னுடைய ஏ கீ இன்று காலை போய்விட்டது. ஒரு தட்டு தட்டினால் இரண்டாக விழுகிறது. தமிழில் அந்தக் கீயில்தான் அ இருக்கிறது என்பதால் அம்மா என்று அடித்தால் அஅம்மா என்று வருகிறது. மூடியைக் கழற்றி, அடியில் இருந்த சிவப்பு ஸ்விட்சை இடுக்கியால் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நீ தடவிய கிரீஸ் இன்னும் வாசம் அடிக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. நாளைக்கு எச்.ஆர். அறையில் போய் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டோர்ஸ் ஆபீஸில் என் நாற்காலி இருக்குமா, போகுமா என்று அங்கே தெரிந்துவிடும். எல்லாம் உன்னால்தான் வந்தது. அதனால் உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

கீபோர்டு ரிப்பேர் என்றதும் பக்கத்து சீட்டுக்காரர் கேட்காமலே யோசனை சொன்னார். "பிரவுன் ஸ்விட்ச் போட்டுடுங்க மேடம். கேமுக்கும் ஆகும், டைப்பிங்குக்கும் ஆகும், யாருக்கும் தொந்தரவு இருக்காது." நாம் கீபோர்டு வாங்கப் போன அன்று ரிச்சி தெருக் கடைக்காரரும் இதையேதான் சொன்னார். ஞாபகம் இருக்கிறதா? ஒரு பலகையில் விதவிதமான ஸ்விட்சுகளைப் பதித்து நம் முன்னால் வைத்தார். சிவப்பு நேராக இறங்கும், சத்தம் கிடையாது, கேம் ஆடுகிறவர்கள் கேட்பது. நீலம் பாதி வழியில் ஒரு தடுப்பைத் தாண்டி க்ளிக் என்று கத்தும், டைப் அடிக்கிறவர்கள் கேட்பது. பிரவுன் லேசாக முட்டும், ஆனால் கத்தாது.

நாம் இரண்டு பேரும் ஒயர் ஹார்னஸ் லைனில் நின்றவர்கள். காருக்குள் போகும் ஒயர்களில் கனெக்டர் மாட்டும்போது தள்ளு, க்ளிக் கேள், பிறகு இழுத்துப் பார் என்று பயிற்சியிலேயே விரலுக்குள் ஏற்றிவிடுவார்கள். புஷ், க்ளிக், புல். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். நீ அந்த நீல ஸ்விட்சை அழுத்தினாய், க்ளிக் என்றது, அடுத்த நொடி கை தன்னால் மூடியைப் பிடித்து இழுத்தது. மூடி கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் பதறிப்போனார்.

"மேடம், மேடம்! புடுங்காதீங்க!"

"லாக் ஆயிக்கீதான்னு பாத்தேன்ணா. ஆவல பாரு," என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவர் தலையில் அடித்துக்கொண்டு அதைத் திருப்பி மாட்டினார். அவர் கையை எடுத்ததும் அதே கீயில் நான் கை வைத்தேன், நானும் பிடுங்கிவிட்டேன். பிறகு நம் இருவர் பக்கமும் அவர் பலகையைத் தள்ளவே இல்லை.

சிவப்பைத் தொட்டுவிட்டு, "இது இன்னாடி, தயிர்ல வெரல உட்டா மாரி கீது. வுயுந்துச்சா இல்லியான்னு எப்புடித் தெரியும்?" என்றாய். பிரவுனைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தாய். "இது எங்கண்ணன் எனக்குப் பாக்குற மாப்ள மாரியே கீதுடி. எல்லாத்துக்கும் பரவால்ல, எதுக்கும் நல்லா இல்ல." கடையே சிரித்தது. நீலம்தான் வாங்கினோம். ஆனால் ஈயம் உருக்காமல் ஸ்விட்சைக் கழற்றி மாற்றிக்கொள்ளும் போர்டாகப் பார்த்து வாங்கியது என் கெட்டிக்காரத்தனம். அதையாவது ஒப்புக்கொள்.

பென்னலூரில் சொந்த வீடு வைத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறைக்கு வந்தவள் நீ ஒருத்திதான். உன் அண்ணன் கம்ப்யூட்டரை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாராம். அது வராத வீட்டில் நானும் இல்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நான் திண்டிவனம் பக்கம், லைனிலிருந்து ஆபீஸுக்கு மாற டைப்பிங் பழகிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் உன்னுடையது, கீபோர்டு பாதிப் பாதி. அறையின் மூத்தவள் மெர்சி அக்கா, நாகர்கோவில் பக்கம். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்.

நீலம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏ பிள்ளைகளா, மனுசி கண்ண மூட வேண்டாமா? என்னத்துக்கு இப்பிடி கடகடன்னு போட்டு அடிக்கிய?"

"நீ கொறட்டைய நிறுத்துக்கா, நான் இத்த நிறுத்துறேன்."

நீ நிறுத்தவில்லை. ஆனால் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருந்தாய். நீலத்தில் க்ளிக் விழும் இடம் ஒன்று, கீ எழுந்து அடுத்த தட்டுக்குத் தயாராகும் இடம் வேறு. டைப் அடிக்கிறவளுக்கு அது உறைக்காது. சுடுகிற ஆட்டத்தில் இடமும் வலமுமாக ஒதுங்கி ஓடுகிறவளுக்கு உறைக்கும். வேறு யாராக இருந்தாலும் அப்போதாவது பிரவுனுக்கு இறங்கி வந்திருப்பார்கள். நீ கீபோர்டையே பங்கு போட்டாய். ஓடுவதற்கான டபிள்யூ, ஏ, எஸ், டி நான்குக்கும் சிவப்பு. மற்றதெல்லாம் எனக்காக நீலம். தமிழ் அடிக்கும்போது அந்த நான்கில்தான் ஈ, அ, இ, உ வருகிறது. சத்தமாகப் போய்க்கொண்டிருக்கும் விரல் திடீரென்று ஊமையாகும். விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் இரண்டு முறை தட்டி, தப்பும் தவறுமாக அடித்து உன்னைத் திட்டினேன். "பயகிக்கடி," என்றாய். பழகினேன். டெஸ்டில் தேறி ஸ்டோர்ஸுக்குப் போனதும் அந்தக் கீபோர்டில் பழகிய விரல்தான்.

ஆட்டத்தில் உன் பெயர் பென்னலூர்க்காரி. வீட்டில் இடம் இல்லாவிட்டாலும் ஊர்ப் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை நீ. மைக்கில் உன் குரல் கேட்டதும் எவனாவது ஒருவன் போய்ச் சமையலைப் பார் என்பான். "சமச்சிட்டுதான்டா வந்தேன். இன்னிக்கு உன்னைய," என்பாய். மெர்சி அக்கா போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

இப்போது நான்தான் ஆடுகிறேன். கேவலமாக ஆடுகிறேன், தெரியும். புதிதாகப் போடப்போவதும் சிவப்புதான். பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். ஞாயிறன்று அந்த நான்கு சிவப்பு ஸ்விட்சையும் பிடுங்கி, பிரித்து, கிரீஸ் தடவி, டிபன் பாக்ஸ் மூடியில் பரப்பி வைத்தாய். சாயங்காலம் மாட்டலாம் என்றாய். அதற்குள் போன் வந்தது. அவசர டிஸ்பேட்ச், லைனில் ஆள் இல்லை, உன் ஷிப்ட் முடிந்ததும் ஓ.டி. மறுநாளும் ஓ.டி. வாரம் முழுக்க அப்படியே போனது. அறைக்கு வருவாய், செருப்போடு கட்டிலில் விழுவாய், அலாரம் அடிக்கும், எழுந்து போவாய். கீபோர்டில் நான்கு ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. சனிக்கிழமை விடிந்தபின், ஓ.டி. முடித்துத் திரும்பும்போது, ஒரகடம் சாலையில் ஓரமாக நிறுத்தியிருந்த டிரெய்லரின் பின்னால் உன் ஸ்கூட்டி போய் மோதியது. பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார்கள்.

பென்னலூர் வீட்டு வாசலில் உன் அண்ணன் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "கேமு கேமுன்னு கண்ணு முயிச்சே செத்துட்டாளே! அந்தப் பொட்டிதான் எந்தங்கச்சியக் கொன்னுச்சு!" கூட்டம் தலையாட்டியது. மாலையோடு வந்த சூப்பர்வைசரும் தலையாட்டினார். வாரம் முழுக்க உன் பெயருக்கு நேராக ஓ.டி. போட்ட மனிதர் அவர். அது பொய் என்று நான் கத்தினேன். பறைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. காரியம் முடிந்து அறைக்கு வந்து, மூடியில் கிடந்த நான்கையும் நானே மாட்டினேன்.

போன வாரம் வருஷம் திரும்பியது. நினைவு அஞ்சலி போஸ்டர் அடிக்க அண்ணன் எனக்குத்தான் போன் செய்தார். "நீதான் தமிய் நல்லா அடிப்பியேம்மா. போட்டோவுக்குக் கீய ஒரு வரி சேத்துடு. கம்ப்யூட்டர் கேமால ஒரு உசுரு போச்சு, புள்ளைங்களா உசாரா இருங்கன்னு."

"அண்ணே, அந்த வாரம் அவ ஆடவே இல்ல. ஆட முடியாது. ஓடுற கீ நாலும் கழட்டி டிபன் பாக்ஸ் மூடியில கெடந்துச்சு. ஓ.டி. பாத்துட்டு வந்தவ மாட்டக்கூட நேரமில்லாம போய்ட்டா."

"அதுக்கு இன்னாம்மா இப்போ? கம்பெனியாண்ட போயி சண்ட போட சொல்றியா? சரி, எதுவும் வாணாம். விபத்துன்னு மட்டும் போட்டுடு," என்றார்.

யாருக்கும் தொந்தரவு இல்லாத வார்த்தை. நான் அடிக்கமாட்டேன் என்றேன். அவர் வேறு யாரையோ வைத்து அடித்து, சேலை கட்டிய ஸ்டுடியோ போட்டோவோடு பென்னலூரில் ஒட்டிக்கொண்டார். நான் தனியாக ஒன்று அடித்தேன். ஹெட்செட் மாட்டிக்கொண்டு வாயைப் பிளந்து சிரிக்கிறாயே, அந்தப் படம். கீழே: பென்னலூர்க்காரி. ஹார்னஸ் லைன் ஆபரேட்டர், கேமர். ஒரு வாரம் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்தாள். அதற்கும் கீழே, அஞ்சலி செலுத்துவோர் இடத்தில் என் பெயரை முழுசாகப் போட்டேன். அறையில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து கம்பெனி பஸ் நிற்கும் சுவரில் ஒட்டினோம்.

மறுநாள் அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டுச் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கிழிக்கத்தான் வந்திருக்கிறார் என்று பக்கத்தில் போனேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்டி சிரிப்பாளா?"

"தெனமும் சிரிப்பாண்ணே."

"எங்க வூட்ல ஒரு நாளும் சிரிச்சதில்ல," என்றார். பைக்கைக் கிளப்பும்போது, "இத எட்த்துடும்மா. உன் வேல பூடும்," என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

நேற்று யாரோ கிழித்துவிட்டார்கள். சாயங்காலமே எச்.ஆர். அழைப்பும் வந்தது. அந்த வாசகத்தை யார் எழுதியது என்று கேட்பார்களாம். பெயர்தான் போட்டிருக்கிறேனே, பிறகு என்ன கேள்வி? "உனக்கு வாயே கெடையாதுடி, உனக்கும் சேத்து நானே பேச வேண்டிக்கீது," என்று எப்போதும் அலுத்துக்கொள்வாய். உன் வாயை நான் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு அவர்கள் எதிரில் அதைத்தான் திறக்கப்போகிறேன். நாற்காலி போனால் போகட்டும், லைனில் நின்ற கால்தான் இது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மெர்சி அக்கா அடுப்பில் மைதா பசை காய்ச்சிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை இரண்டு போஸ்டர் ஒட்டுகிறோம்.