பனி காயும் முன் வைக்கும் தீ

18-1-82
காலையிலேயே இவருக்கும் பளியர்குடிக்காரர்களுக்கும் சண்டை. வீட்டுப் பின்சரிவில் புகை தெரிந்ததும் இவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். காட்டுக்கார்டு வேலை, புகையைக் கண்டால் ஓடத்தான் வேண்டும். பளியர்குடி இருளனும் அவன் பெண்டாட்டி ஒய்யம்மாளும் இன்னும் சிலரும் காய்ந்த சுக்குநாறிப் புல்லில் பட்டை பட்டையாகத் தீ வைத்து, தழைக்கொத்தால் அடித்து அணைத்துக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் முன்னோர் தையில் செய்தது. வனத்துறை வழக்குப் போடும் என்று பயந்து எத்தனையோ வருஷமாக விட்டிருந்தார்கள். இந்த வருஷம்தான் மறுபடி துணிந்தார்கள். இவர் விரட்டிவிட்டு வந்தார்.

20-1-82
ஒய்யம்மாள் வந்தாள். "பனி ஈரத்துல எரிச்சு விட்டா கோடையில பெருந்தீ சோலைக்குள்ள ஏறாதுங்கம்மா. புல்லு அம்புட்டும் அப்படியே கெடக்கு. கார்டய்யாகிட்ட நீங்க சொல்லுங்க."
சொன்னேன். "எனக்குத் தெரியாதா? ரேஞ்சருக்கு யார் சொல்றது?" என்று எரிந்து விழுந்தார்.

2-2-82
இவரே ரேஞ்சரிடம் போய்ச் சொல்லிவிட்டார், இருளன் தீ வைத்தது உட்பட நடந்தது அத்தனையும். ரேஞ்சர் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டாராம். "காட்டுக்குத் தீ வைக்க நான் எப்படிய்யா அனுமதி கொடுப்பேன்?" அவ்வளவுதான்.

10-1-83
மழை ஏமாற்றிவிட்டது. காய்ந்த புல் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. இவர் ரேஞ்சரிடம் மறுபடி கேட்டார். மறுபடி இல்லை. இருளன் வாசலில் வந்து நின்றான். "சோலை ஓரமா ஒரே ஒரு பட்டைங்கய்யா." இவர் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவன் போனபின் சாப்பிடவே இல்லை.

31-3-83, பெரிய வியாழன்
கோயிலுக்குப் போகவில்லை. நேற்றிலிருந்து மலை எரிகிறது. யாரோ போட்ட பீடி என்கிறார்கள். இவரும் இருளனும் பளியர்குடி முழுக்கவும் மேலே, தீயை அணைக்க. நான் குடத்தைத் தூக்குகிறேன், வைக்கிறேன் — ஒத்தக் கொடம் தண்ணிய வச்சு என்னத்தப் பண்ண? ஆண்டவரே.

2-4-83
ஓடைக்கரைச் சோலை பாதி போய்விட்டது. இவர் புருவம் கருகி வந்தார். இருளனுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது.

5-4-83
ரேஞ்சர் ஆபீஸ்காரர்கள் இருளனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போன வருஷம் தீ வைத்தவன்தானே என்று. அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இவர்தானே சொன்னார், அனுமதி கேட்கப் போன அன்றைக்கு. சொல்லச் சொன்னது நான். நல்லதுக்குத்தானே சொன்னோம்? அய்யோ.
ஒய்யம்மாள் அழவில்லை. "அவரு கார்டய்யா பக்கத்துலதானே நின்னு அடிச்சாரு" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

9-4-83
"என் பக்கத்துலதான் நின்னான்" என்று இவர் ரேஞ்சர் ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார். "உன் சோலியைப் பாரு" என்றார்களாம்.

23-6-83
இருளனை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். யாரோடும் பேசுவதில்லையாம்.

3-1-84
இவருக்கு மாற்றல். ராமநாதபுரம் பக்கம். ஏன் என்று கேட்டதற்கு, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா?" என்றார்.

11-1-84
விடிந்தால் படுக்கையில் ஆளைக் காணோம். பின்சரிவில் புகை! ஓடினேன். மிஞ்சின சோலையின் ஓரத்தில், காக்கிச் சட்டையோடு, இவரே புல்லுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார். தன்னந்தனியாக. ஒரு பக்கம் அணைப்பதற்குள் மறுபக்கம் பற்றியது. நானும் தழையை ஒடித்துக்கொண்டு அடித்தேன். அப்போது ஒய்யம்மாள் வந்தாள், பின்னால் பளியர்குடிப் பெண்கள். "வெரசா, அந்தப் பக்கம் போங்கம்மா" என்று என்னைத் தள்ளிவிட்டு இறங்கினாள். வெயில் ஏறுமுன் முடிந்துவிட்டது. இருளன் வரவில்லை.

16-1-84
புது கார்டு வந்துவிட்டார். சின்ன வயசு. சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். "சரிவுல ஏதோ எரிஞ்சிருக்கே, யாரு வச்சதுங்க?" என்று கேட்டார்.
"நான்தான். அடுத்த தையில நீங்க வைக்கணும்" என்றார் இவர்.
அவர் சிரித்தார். இவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
"மேல எழுதணும்னா எழுதிக்கங்க தம்பி. என் பேரைப் போடுங்க. பளியர்குடியில யார் பேரும் வேண்டாம்."