ஏரிக்கு நான் போட்ட பூஜ்யம்

பிஷ்கெக், மே 2020

ஐனுராவின் அப்பாவுக்கு,

குதிரைகளும் ஆடுகளும் சுகமா, நீங்கள் சுகமா? நான் சுகம். ஊரடங்கால் பறவைக் கணக்கெடுப்பை இந்த அறையிலிருந்தே சரிபார்க்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். முன்பு நீங்கள் குதிரைமேல் ஏரியைச் சுற்றி எண்ணி, நோட்டில் எழுதித் தருவீர்கள். இந்த ஆண்டு எல்லாம் இணையத்தில். நீங்கள் போனில் சொன்ன இருநூற்றுப் பன்னிரண்டு வாத்துகளைப் பதிவேற்றினேன். மேற்பார்வை பார்க்கும், என்னிடம் பள்ளியில் படித்த ஜில்டிஸ் கணினித் திரையில் சிரித்தாள்.

"என்ன டீச்சர், வீட்டுக்காரர் சொன்னா போதுமா? போட்டோ இல்லன்னா பூஜ்யம்தான்."

"அவர் போன்ல கேமராவே இல்லம்மா. பத்து வருஷமா அவர்தான் எண்ணுறார்."

"அப்போ வாத்தையே அனுப்பச் சொல்லுங்க!"

வகுப்புக்கு வராத பிள்ளையைப் பிறக்கவே இல்லை என்று பதிவேட்டில் எழுதலாமா? எழுதினேன். நம் ஏரிக்கு என் கையாலேயே பூஜ்யம் போட்டுக் கையெழுத்தும் இட்டேன். வாத்தில்லாத ஏரிக்கு வேட்டைத் தடை எதற்கு என்று அதை நீக்கிவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மாவு லாரிக்காரரிடம் கம்பளிக் காலுறை கொடுத்தனுப்புங்கள். தரை சில்லென்றிருக்கிறது, பேசவும் ஆளில்லை.

லாரி கிளம்புகிறது, முடிக்கிறேன். துப்பாக்கியோடு யாராவது வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்களிடம் இருப்பது நான் போட்ட கையெழுத்து.

சைராகுல்