இறக்கி வைக்க இடமும் இல்லை

யாய்சு துறைமுகம்,
ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள யசுஜி அவர்களுக்கு,

மினேகோ வணக்கத்துடன் எழுதுவது. மாதம் முடியப்போகிறது, வெயில் மட்டும் போவேனா என்கிறது. உங்கள் கப்பல் எந்தக் கடலில் சூரை மீனைத் துரத்திக்கொண்டிருக்கிறதோ! நானும் உங்கள் அம்மாவும் சுகம். கூட்டுறவுச் சங்கத்தில் என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

வயிறு சரியில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது பாதிப் பொய். மார்ச்சில் பிறக்கும் என்கிறார் டாக்டர். நீங்கள் கப்பலேறிய பிறகுதான் தெரிந்தது. துள்ளிக் குதிக்க வேண்டியவள், வாயே திறக்கவில்லை. பேரன் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கும் உங்கள் அம்மாவிடம், பாதி மனம் வேண்டாம் என்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்?

அதனால் ஹைக்கூ எழுதினேன். சிரிக்காதீர்கள். பதினேழு அசைக்குள் மூச்சுவிட முடியுமா என்று கேலி செய்வீர்களே, நீளமாக எழுத விட்டிருந்தால் நிச்சயம் பொய் சொல்லியிருப்பேன். நடுவில் கவிதையை இரண்டாகப் பிரிக்கும் வெட்டுச்சொல் இருப்பதும் வசதி. இந்தப் பக்கம் ஒரு மனம், அந்தப் பக்கம் ஒரு மனம். இரண்டையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை.

கையில் தர்பூசணி —
இறக்கி வைக்க இடமும் இல்லை,
மனமும் இல்லை.

ஞாயிறன்று அம்மாவின் கவிதை வட்டத்தில் அதைச் சேர்த்துவிட்டேன். அங்கே கவிதை எழுதும் சீட்டில் பெயர் போடுவதில்லை. கையெழுத்து தெரியாதபடி வேறொருவர் படியெடுப்பார். அந்தத் தைரியம்தான். காய்கறிக்கடை ஒகிட்சு படித்துவிட்டு, "கிணத்துல இறக்குனா ஜில்லுனு ஆயிடப் போகுது, இதுல என்ன குழப்பம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிறந்ததாக அவர் எடுத்து வைத்திருந்ததே அந்தச் சீட்டைத்தான்.

"இது தர்பூசணி இல்லீங்க," என்றார். "யசுஜி வயித்துல இருந்தப்போ எனக்கும் இப்படித்தான். வேணும்னும் இருந்துச்சு, வேண்டாம்னும் இருந்துச்சு. வெளிய சொன்னா ஊர் காறித் துப்பாதா? எழுதின புண்ணியவதி யாரோ, நல்லா இருக்கட்டும்."

தேர்ந்தெடுத்த கவிதையை எழுதியவர் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் அவ்வளவு சொன்ன பிறகு ஒளிந்துகொண்டால் நான் என்ன மனுஷி? "மினேகோ" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தார். அந்தச் சபையில் எல்லோரும் மண்டியிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். தான் உட்கார்ந்திருந்த சிறு மெத்தையை என் பக்கம் தள்ளிவிட்டு, "காலை நீட்டி உக்காரும்மா" என்றார்.

அன்றிலிருந்து, சோறு வேகும் வாடை எனக்கு ஆகாதென்று பின்கட்டில் ஆக்குகிறார். சந்தோஷமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதற்காகவே அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருக்கிறது. இப்படி ஒருவர் வீட்டில் என்னைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு உங்களுக்கும் நன்றி. வேண்டும் என்கிற பாதி, இந்த வாரம் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறது.

அலையில் கவனமாக இருங்கள். கடல் தெய்வம் உங்களைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மகிழ்ச்சி என்று ஒற்றைச் சொல்லில் தந்தி அடித்துவிடாதீர்கள். பயமாக இருந்தால் பயம் என்றே எழுதுங்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ள இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

உங்கள்,
மினேகோ