கடிதம் வந்தால் வரும் வலி

மங்கையின் அப்பாவுக்கு,

சாலை மறியலில் நீங்கள் ஜெயிலுக்குப் போனதிலிருந்து மங்கைக்கு அடிக்கடி வயிற்றுவலி. குடல் ஏறியிருக்கிறது என்று மூன்று முறை எண்ணெய் தடவித் தட்டினோம். கேட்கவில்லை.

இன்று கள்ளக்குறிச்சி டாக்டர், வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, "எப்பம்மா வலிக்குது?" என்று அவளையே கேட்டார்.

"அப்பாகிட்டேருந்து லெட்டர் வந்தா."

"ஏன்?"

"அப்பா வூட்டுக்கு வந்துடுமே. அமுதா வூட்ட அப்பா கொளுத்தும்போது நான் பாத்துக்கினு இருந்தேன்."

அமுதா காலனிப் பெண். வகுப்பில் இவள் பக்கத்தில் உட்காருபவள். மறியலன்று ரோட்டு மரம் மட்டும்தான் வெட்டினோம் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்களே!

ஜாமீனில் வெள்ளிக்கிழமை வருவதாக நீங்கள் எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் இங்கே வராதீர்கள். அமுதா வீடு இருந்த இடத்துக்குப் போங்கள்.

மங்கையின் அம்மா