நீ வேண்டாமென்ற லேப்டாப்

இன்று ஆயுத பூஜை. கடையில் சந்தனம் குழைத்ததும் அந்த வாசனையோடு நீ வந்து நின்றாய். செத்தும் என்னை விடமாட்டாய் போலிருக்கிறது. ஆடியில் உன் சாவுச் செய்தி வந்தபோது அழுதேன், உண்மைதான். அதற்காக உன் மேலிருக்கும் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

ஸ்ரீராம்புரத்தில் நாம் இருவரும் சேர்ந்து கல்யாணப் பத்திரிகை டைப் செய்யும் கடை போட்டோம். தமிழ் நான் அடிப்பேன், கன்னடம் நீ. வாசலில் யார் தயங்கி நின்றாலும் "கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உபசரித்து உட்காரவைத்துவிடுவாய். வாடகைக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு வந்தபோது, நான் லேப்டாப் என்றேன். பத்திரிகைக்கு ஒருத்தர் வந்து விவரம் சொல்லிவிட்டுப் போவார். மறுநாளே சித்தப்பா பெயர் விட்டுப்போச்சு, தாய்மாமன் பெயர் மேலே வரணும் என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய், எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து அடித்துவிட்டால் தொல்லை விட்டது என்றேன்.

நீ சிரித்தாய். "லேப்டாப்பெல்லாம் ஓடிப்போறவங்களுக்குடி. நமக்கு எதுக்கு? டெஸ்க்டாப் வாங்கு, ஒரே எடத்துல உக்காந்து பொழைக்கலாம்."

நீ 'நமக்கு' என்றதில் நான் குளிர்ந்துபோனேன். என் வளையல்களை விற்று டெஸ்க்டாப் வாங்கினோம். ஆட்டோவில் மானிட்டரை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தவள் நீதான்.

பிறகு உனக்கு அடிக்கடி தலைவலி வந்தது. மத்தியானத்துக்கு மேல் கடைக்கு வரமாட்டாய். கன்னடப் பத்திரிகைக்கு வரும் குடும்பங்களும் குறைந்தன. "சீசன் டல்லுடி, சரியாயிடும்" என்று நானே உனக்குச் சமாதானம் சொன்னேன், பைத்தியக்காரி.

அந்த வருஷ ஆயுத பூஜையன்று, கடையில் படைத்த பொரிகடலையை எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மனை, கத்தரிக்கோல், உன் வீட்டுக்காரரின் ஸ்பேனர். நடுவில் ஒரு கறுப்பு லேப்டாப். மூடியில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்தி. சோறு போடுகிற பொருளைப் பூஜையில் வைக்காமல் விட உனக்குப் பயம். எனக்குத் தெரியாமல் வாங்க மட்டும் பயமில்லை.

"யாருதுடி இது?" என்றேன்.

பொரியை வாங்கக்கூட நீ கை நீட்டவில்லை. "வீட்டுக்கே வந்து அடிச்சுக் குடுன்னு கேக்குறாங்கடி. நான் என்ன பண்றது?"

"அதைத்தானேடி நான் அன்னைக்கே சொன்னேன்!"

நாம் கடைசியாகப் பேசியது அதுதான். என் வாயை அடைத்துவிட்டு, என் யோசனையையே எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வாடிக்கை போனால் போகட்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் உன்னோடு வீடு வீடாக வந்திருப்பேனே! அதுதான் இன்னும் ஆறவில்லை.

இன்று டெஸ்க்டாப்புக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை வருஷம் இதைக் கட்டிக்கிட்டு அழுவே? ஒரு லேப்டாப் வாங்கேன்" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் ஓடிப்போறவங்களுக்குங்க" என்றது என் வாய்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நீயே நம்பாமல் சொன்ன பேச்சை, அடிப்பாவி, நான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.