நான் திருப்பி அனுப்பிய பதிவுத் தபால்

மிஸ்,

உங்கள் வீட்டு வேலியை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் மதில் கட்டப்போகிறார்களாம். நான் தபால் பையோடு அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்காரர் மறித்து, கடிதம் போட நீங்கள் பூவரசில் ஆணியடித்திருந்த பால்மா ரின்னைக் கழற்றிக் கையில் தந்தார். தபால் கந்தோர்ச் சாமானோ என்று கேட்டார். ஓம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே எறும்பு குடியிருந்தது. வெளியே நீங்கள் பச்சைப் பெயின்ற்றால் எழுதிய பெயர்கள் பாதி உரிந்திருந்தன. ஒன்பது பெயர். அதில் உங்கள் பெயர் இல்லை. இத்தனை வருடமாக அதை நான் கவனிக்கவில்லை.

ரின் இப்போது என் மேசையில் இருக்கிறது. அதைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கண்டாவளைப் பக்கம் மாற்றலாகி வந்த முதல் கிழமையே உங்களோடு கொழுவினேன். ஒன்றரை அறை வீட்டில் நீங்கள் தனி ஆள் என்பது ஊருக்கே தெரியும். என் பையிலோ அந்த விலாசத்துக்கு எட்டுப் பேரின் பெயரில் கடிதம் வந்தது. பொலிஸிலிருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து, சட்ட உதவிக் கந்தோரிலிருந்து. ஏதோ கள்ள வேலை என்று முடிவு கட்டி, படலையில் சைக்கிளை நிறுத்தி, இவையெல்லாம் எங்கே என்று அதட்டினேன். நீங்கள் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

“ஒராள் சந்தைக் கொட்டிலில. ஒராள் ஆஸ்பத்திரி விறாந்தையில. ரெண்டு பேர் பரந்தன் பஸ் தரிப்பில. மற்றாக்களை இண்டைக்கு இன்னும் தேடிப் பிடிக்கேல்லை அண்ணை” என்றீர்கள்.

கிளிநொச்சியில் இரண்டு மேசை போட்ட ஒரு உதவி நிலையத்தில் நீங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அடி வாங்கியவர்கள், பறிகொடுத்தவர்கள், துரத்தப்பட்டவர்கள் என்று எத்தனையோ பேர். அவர்களில் படுக்க இடமில்லாதவர்களைத் தேடிப் போவது உங்கள் வேலை. அவர்களாகத் தேடி வரமாட்டார்கள் என்பீர்கள். முறைப்பாடு எழுதும் புத்தகத்தில் பெயருக்கு அடுத்தது விலாசம். அது இல்லையென்றால் பேனை அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்காக உங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்தீர்கள். ஒருவருக்கு என்று தொடங்கியது எட்டாகி, பிறகு ஒன்பதாகிவிட்டது. ஒரு வீட்டில் இத்தனை பேரோ என்று ஒரு சார்ஜன்ட் கேட்டதற்கு, பெரிய குடும்பம் சேர் என்று சொன்னீர்களாம்.

நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. பதிவுத் தபால் என்றால் பெயருக்குரியவர் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அவர் தந்த அதிகாரக் கடிதம் வேண்டும் என்று நின்றேன். அடுத்த கிழமை எட்டுக் கடிதத்தை நீட்டினீர்கள். சிலதில் கையெழுத்து, சிலதில் பெருவிரல் அடையாளம். ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். “அண்ணை, நீங்கள் சட்டப் புத்தகத்தைச் சோத்தோட குழைச்சுத் தின்னுறனீங்களோ” என்று கேட்டீர்கள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. முகத்தில் காட்டவில்லை. தபால் விலாசத்துக்குத்தான் மிஸ், ஆளுக்கு இல்லை என்று பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன்.

“ஆளுக்குத்தானே அண்ணை எழுதுறாங்கள்” என்றீர்கள். பதில் இல்லாத இடத்தில் சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போய்விடுவது என் வழக்கம்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். நான் ரின்னுக்குள் போடுவேன், நீங்கள் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் புறப்படுவீர்கள். என் வேலை படலையோடு முடிந்தது. உங்கள் வேலை அங்கேதான் தொடங்கியது. போய் அவர்களோடு என்னதான் கதைப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். முதல் நாள் ஒன்றும் கதைப்பதில்லை, பக்கத்தில் இருப்பது மட்டும்தான் என்றீர்கள். இரண்டாம் நாள் பெயரைக் கேட்பது. என்ன நடந்தது என்பதை அவர்களாகச் சொல்லக் கன நாள் போகும் என்றீர்கள். இதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று நான் நினைத்ததை இப்போது எழுதத்தான் வேண்டும்.

இராசாத்தியின் பெயர் ரின்னில் கடைசியாக, ஒன்பதாவதாக ஏறியது. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் வேரூன்றிய குடும்பத்துப் பெண். களை பிடுங்க, நெல்லுக் காயவைக்கப் போய், வயல் கரையில் ஒரு கொட்டிலில் தனியாக இருந்தவர். அந்தக் காணியிலிருந்து அவரை எழுப்ப வந்த ஒருவன் கொட்டிலைப் பிரித்தெறிந்து, மறித்த இராசாத்தியின் இடது கையைப் பொல்லால் அடித்து முறித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி அனுப்பியபோது போக இடம் இல்லை. பரந்தன் சந்தி பஸ் தரிப்பில் இருந்துவிட்டார். நீங்கள்தான் கண்டுபிடித்து, முறைப்பாடு எழுதுவித்து, வழக்கு நீதிமன்றம் வரை போகச் செய்தீர்கள். அடித்தவன் வெளியேதான் திரிந்தான். இராசாத்தி ஒரு தவணையும் தவறாமல் நீதிமன்றத்தில் வந்து நின்றார், நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். அந்த வழக்கு ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது.

மாரி தொடங்கிய கிழமை உங்களுக்கு நெஞ்சுநோ வந்தது. இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஒன்றுவிட்ட தம்பி வந்து அலுவல்களைப் பார்த்தார். நிலையத்து ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். நானும் நின்றேன். எல்லாரும் அழ, நான் பந்தல் கயிறு சரியாகக் கட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டாம் நாள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தம்பி போய்விட்டார். ரின்னில் பெயர் இருந்த ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை. யாருக்கு எந்த விலாசத்தில் சொல்வது?

பத்து நாள் கழித்து இராசாத்தியின் பெயருக்குச் சட்ட உதவிக் கந்தோரிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. வீடு பூட்டு. அதிகாரக் கடிதம் பெற்றவர் உயிரோடு இல்லை. அறிவித்தல் துண்டைச் செருகிவிட்டு வந்து, வைத்திருக்கவேண்டிய நாள் வரை வைத்திருந்தேன். பிறகு உறையின் மேல் ‘விலாசதாரர் இல்லை’ என்று என் கையால் எழுதித் திருப்பியனுப்பினேன்.

மிஸ், அந்த நாட்களில் நான் பரந்தன் சந்தியைக் கடந்து போனேன். இராசாத்தி பஸ் தரிப்பில் பலகை வாங்கில் இருந்தார். துணிப்பையின் பிடியைக் கையில் சுற்றிக்கொண்டு வழக்கம்போல வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டேன். கண்டும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். தீய எண்ணம் ஒன்றும் இல்லை. தபால் அந்த விலாசத்துக்கு வந்தது, அந்த விலாசத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது.

ஒரு மாதம் போய், அந்தக் கந்தோரில் இராசாத்தியின் வழக்கைப் பார்த்த சட்டத்தரணி அம்மா எங்கள் உப தபாலகத்துக்கே வந்தார். கையில் அந்த உறை. இதை எழுதியது நீங்களா என்று கேட்டார். ஓம் என்றேன். தவணை முன்னுக்கு மாற்றப்பட்டதை அறிவிக்கத்தான் அந்தக் கடிதம் என்றார். புதிய திகதியில் வழக்கை எடுத்தபோது இராசாத்தி இல்லை. முறைப்பாட்டுக்காரர் வரவில்லை என்று அடித்தவனை விட்டுவிட்டார்கள். வராததற்கு அவர் பொறுப்பில்லை என்று காலம் கடக்குமுன் காட்டினால் வழக்கைத் திரும்ப எடுக்கலாமாம். ஆனால் ஆளை எங்கே தேடுவது, தெரிந்த ஒரே ஆளும் செத்துவிட்டார் என்றார்.

“எனக்குத் தெரியும்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை.

அன்று பின்னேரமே சந்திக்குப் போனேன். நான் வாயைத் திறக்கமுன் இராசாத்தி உங்களைத்தான் கேட்டார், “அம்மா எப்ப சார் வருவாங்க? ரெண்டு மாசமா ஆளையே காணோம்.” நான் வழக்கு விஷயத்தைத்தான் மனதில் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். முதலில் இதைச் சொல்லவேண்டிவரும் என்று நினைத்திருக்கவில்லை. சொன்னேன். அந்தப் பெண் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று பார்த்தார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. பிறகு கடிதம் திரும்பிய கதையைச் சொன்னேன். வழக்குப் போனதைச் சொன்னேன். அதற்கு அவர் அழவில்லை.

“நீங்க என்ன சார் பண்ணுவீங்க” என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீதிமன்றத்தில் நான் வந்து சொல்லவேண்டும் என்றார் சட்டத்தரணி. எங்கள் தபாலதிபர் நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் தடுத்தார். “நீர் சட்டப்படி செய்தனீர். உம்மில ஒரு பிழையும் இல்லை. வேலியில போற ஓணானைப் பிடிச்சு ஏன் மடிக்குள்ள விடுறீர்?” என்றார். அவர் சொன்னது சரி. உறையில் எழுதியது சரி, வைத்திருந்த நாள் சரி, முத்திரை சரி. எல்லாம் சரியாக இருந்ததால்தான் இராசாத்தி தோற்றுப்போனார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

நீதவான் என்னிடம் கனக்கக் கேட்கவில்லை. இந்தப் பெண் எங்கே இருப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்றார். தெரியும் ஐயா என்றேன். தெரிந்துமா திருப்பினீர்கள் என்றார். ஓம் ஐயா என்றேன். காக்கிச் சட்டையோடு நின்று அந்த இரண்டு ஓமையும் சொன்னபோது காதுமடல் சுட்டது. வெட்கம்தான். வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை. வழக்கைத் திரும்ப எடுப்பதாகச் சொல்லி அடுத்த தவணை தந்தார்கள். அடித்தவனுக்கும் அறிவித்தல் போகும். இனிக் கடிதம் எங்கே அனுப்புவது என்று கேட்டார்கள். இராசாத்தி உங்கள் விலாசத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தார், அவருக்கு வேறு விலாசம் தெரியாது. நான் இடைமறித்து என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். இதை வீட்டில் என் மனிசியிடம் சொன்னபோது எத்தனை பேர் என்று மட்டும் கேட்டாள். இப்போதைக்கு ஒருவர் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. நம்பாதது சரிதான், மற்ற எட்டுப் பேரையும் நான் இப்போதுதான் தேடத் தொடங்கியிருக்கிறேன்.

திரும்பும்போது புதுக்குடியிருப்புப் பஸ் கிடைத்தது. பரந்தனால்தான் போகும், ஏறினோம். இராசாத்தி யன்னல் பக்கம், நான் பக்கத்தில். துணிப்பையின் பிடி வழக்கம்போலக் கையில் சுற்றியிருந்தது. ஒருமுறை சந்தியில் யாரோ பையை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்ததிலிருந்து அப்படித்தானாம். பஸ் வெளிக்கிட்டதும் அவராகவே உங்கள் கதையைத் தொடங்கினார்.

“மொத நாளு அம்மா வந்து பக்கத்துல ஒக்காந்தாங்க. ஒண்ணுமே பேசல. கொஞ்ச நேரத்துல அப்புடியே என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க சார். கை முறிஞ்ச பக்கம். நல்லா வலிச்சுது. நான் அசையல, பாவம்.”

எனக்கு அது தெரியாது, மிஸ். முதல் நாள் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் என்று சொன்னீர்கள், நித்திரையாகிவிட்டதை மறைத்துவிட்டீர்கள். ஏழு வருடம் படலையில் நின்று உங்களிடம் கையெழுத்துக் கேட்டேன். களைப்பாக இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்கவில்லை. உங்கள் பெயருக்கு நான் கொண்டுவந்ததெல்லாம் கரண்ட் பில். உங்களுக்கு என்று ஒருவரும் எழுதவில்லை என்பது ஊரிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும். தெரிந்தும் அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் இராசாத்தி யன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். பரந்தன் சந்தி வந்தது. அவர் இறங்கவேண்டிய இடமும் படுக்கிற இடமும் அதுதான். எழுப்பி, அந்த வாங்கில் கொண்டுபோய் இருத்தவேண்டும். கொண்டக்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்று கையை ஆட்டினேன்.

புதுக்குடியிருப்பில் பஸ் நின்ற பிறகுதான் விழித்தார். எங்க சார் வந்திருக்கோம் என்று பதறினார். எனக்கு இங்கே ஒரு அலுவல், அதுதான் என்றேன். ஒரு அலுவலும் இல்லை. ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். சந்தியில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தவணைக்கு வந்துருவேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது நான் பதில் இல்லாத இடங்களில் மணியடித்துவிட்டுப் போவதில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்காக நான் இன்னும் அழவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன். என்னிடம் இருப்பது ஒன்றுதான். அன்று பஸ் முரசுமோட்டையைத் தாண்டும்போது இராசாத்தியின் விரல்கள் தளர்ந்தன. பையின் பிடி ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது, பை சரிந்து என் மடியில் விழுந்தது. உள்ளே ஒரு சேலையும் ஒரு கோப்பையும் ஆஸ்பத்திரித் துண்டுகளும்தான் இருந்திருக்கும். வருடக்கணக்காகப் பை சுமக்கிற எனக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனாலும் அவர் விழிக்கும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். மடியில் அந்தப் பாரம் இன்னும் தெரிகிறது, மிஸ். உங்களுக்குப் பிறகு எனக்குத் தெரிகிற ஒரே பாரம் அதுதான்.